கெர்னல் மாறியதும் யூஎஸ்பி டிவிடி டிரைவ் படிக்க மறுக்கிறது

டெபியன் லினக்ஸ் 11-இல் (அதன் மையப் பகுதியான கெர்னல் 5.10) ஒழுங்காக ஓடிய வெளி டிவிடி டிரைவ், போன மாதம் டெபியன் 12-க்கு (கெர்னல் 6.1) மாறியதிலிருந்து எந்த டிஸ்க்கையும் படிக்கவில்லை. பிராண்ட் பெயர் இல்லாத மெல்லிய யூஎஸ்பி 2.0 டிரைவ், மின்சாரமும் அதே கேபிளில்தான். செருகியதும் எஸ்ஆர்0 (டிஸ்க் டிரைவுக்கு லினக்ஸ் வைக்கும் பெயர்) என்று வருகிறது, டிஸ்க் சுழல்கிறது. அப்புறம் லாக்கில் 'ரீசெட் ஹை-ஸ்பீட் யூஎஸ்பி டிவைஸ்' என்ற வரி திரும்பத் திரும்ப ஓடி, கடைசியில் ஐ/ஓ எரர் (படிக்க முடியவில்லை என்ற பிழை).

கேபிள், போர்ட் மாற்றிப் பார்த்தேன். தனி மின்சாரம் உள்ள ஹப்பிலும் அதே கதை. சும்மா இருக்கும் யூஎஸ்பி கருவியைத் தூங்க வைக்கும் ஆட்டோசஸ்பெண்டை -1 ஆக்கி அணைத்தும் பலனில்லை. கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழைய 5.10 கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் அதே டிஸ்க் உடனே திறக்கிறது, அதனால் டிரைவ் மேல் எனக்குச் சந்தேகமில்லை. அப்பா அம்மா கல்யாண வீடியோ இந்த டிஸ்க்குகளில்தான் இருக்கிறது. கெடுவதற்குள் காப்பி எடுத்தாக வேண்டும்.

6.1-இலேயே இது வேலை செய்ய, யூஎஸ்பி-ஸ்டோரேஜ் குவிர்க்ஸில் (குறிப்பிட்ட கருவிக்கு மட்டும் டிரைவர் நடந்துகொள்ளும் விதத்தை மாற்றும் அமைப்பு) எந்த ஃபிளாக் போட வேண்டும்?