ஆயிரம் ரூபாய்க்குள் மடக்குக் கத்தி: சேலம், ஏற்காடு பக்கம் புழங்குறவங்க அனுபவம் சொல்லுங்க

ஓமலூர்:
பார்சல் டேப், பிளாஸ்டிக் கயிறு, பழம். தினசரி வேலை இவ்வளவுதான். பையில கிடந்தாலும் கெடாத கத்தி வேணும். எதைப் பார்த்து வாங்கறது, எங்க மக்கர் பண்ணும்?

செவ்வாய்ப்பேட்டை:
எஃகு பேரை விடுங்க, பூட்டைப் பாருங்க. இந்த விலைக்கு வர்றது பெரும்பாலும் லைனர் லாக். அலகை முழுசா விரிச்சதும் உள்தகடு அதோட அடிப்பாகத்துக்குப் பின்னால வந்து நிக்கும். அடிப்பாகத் தடிமன்ல மூணுல ஒரு பங்காவது தகடு ஏறியிருக்கணும். ஓரத்தை மட்டும் தொட்டு நின்னா அந்தக் கத்தி வேண்டாம், அழுத்தினா நழுவி விரல்மேலேயே மடங்கும். சோதிக்கறேன்னு முதுகை மேஜையில அடிக்காதீங்க, நல்ல பூட்டும் கெட்டுடும். மடங்கற பாதையில விரல் இல்லாம முதுகை உள்ளங்கையால அழுத்திப் பார்த்தா போதும்.

அலகு இடவலமா ஆடினா கீல் ஸ்குரூவைக் கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்க. நட்சத்திரத் தலையா இருக்கும், பெரும்பாலும் டி6 இல்லைன்னா டி8 பிட். அடிக்கடி கழண்டா நீலத் திரெட்லாக்கர் (ஸ்குரூ கழலாம பிடிக்கற பசை) துளியூண்டு. சிவப்பு போட்டா அப்புறம் சூடு காட்டாம கழட்ட முடியாது.

ஏற்காடு:
பட்ஜெட் கொஞ்சம் தாண்டினாலும் பரவாயில்லைன்னா ஓபினெல் 8-ஆம் எண். பிரான்ஸ்ல சவாய் மலைப்பக்கத்துக் கத்தி, 1890-லிருந்து வருது. அலகு 8.5 செ.மீ. கழுத்துல திருகற வளையம்தான் பூட்டு, அது 1955-ல சேர்ந்தது. ஸ்குரூவே இல்லாததால கழண்டு விழ எதுவும் இல்லை.

சிக்கல் மழையில. மரப்பிடி ஈரம் குடிச்சு உப்பி அலகை இறுக்கிடும். நகத்தால இழுத்தா நகம்தான் போகும். வளையத்தைத் திறந்து, அலகு மடங்கி உட்கார்ற பள்ளம் கீழ பார்க்கற மாதிரி பிடியோட வால்முனையை மேஜை விளிம்புல தட்டுங்க. அலகு முனை வெளிய எட்டும்.

எண்ணெய் விஷயம் ஒண்ணு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ உறையும். மார்கழியில இங்க கீலுக்குள்ள கட்டியா நிக்கும். நல்லெண்ணெய் நாள்பட்டா பிசின் ஆகிடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, மிச்சத்தைத் துடைச்சிடணும்.

அயோத்தியாப்பட்டணம்:
கார்பன் அலகு (ஸ்டெயின்லெஸ் இல்லாத எஃகு) வாங்கினா மாங்காய் நறுக்கினதும் கறுக்கும். அது துரு இல்லை, கவலைப்படாதீங்க. செம்மண் நிறத்துல சொரசொரன்னு வந்தாதான் துரு. தோல் உறையிலேயே போட்டு வச்சா ஈரம் தங்கி சீக்கிரம் பிடிக்கும். பலாவுக்கு முன்னாடியே அலகுல எண்ணெய் தடவிடுங்க. பால் ஒட்டிக்கிட்டா தண்ணியால போகாது, எண்ணெய்த் துணியால துடைச்சா வரும்.

தீட்ட 1000 நம்பர் கல் போதும், நம்பர் ஏற ஏற கல் நைசாகும். அலகு அகலம் 2 செ.மீ.ன்னா முதுகைக் கல்லுலருந்து 7 மி.மீ. தூக்கிப் பிடிங்க, ஏறக்குறைய 20 டிகிரி வரும். ஒரு பக்கம் தேய்க்க மறுபக்கம் வாய் நெடுக பிசிர் தட்டுப்படணும். அது வராம பக்கம் மாத்தினா எவ்வளவு தேய்ச்சாலும் மொக்கைதான். கடைசியில லேசா மாத்தி மாத்தி இழுத்துப் பிசிரை எடுத்துடுங்க. சாணைச் சக்கரத்துக்குக் கொடுக்காதீங்க. வாய் நீலம் பாய்ஞ்சா அந்த இடத்துல பதம் போச்சு.

மாங்கன்னு ஒட்டுக்கட்ட இந்தக் கத்தி ஆகாது. அதுக்கு ஒரு பக்கம் மட்டும் சரிவு வச்ச கத்தி தனியா இருக்கு.

செவ்வாய்ப்பேட்டை:
சட்டம் கேட்பாங்க, சொல்லிடறேன். 2016 ஆயுத விதிகள்ல வர்றது 9 அங்குலத்துக்கு மேல நீளமோ 2 அங்குலத்துக்கு மேல அகலமோ உள்ள அலகு. வீட்டு, விவசாய வேலைக்குன்னு செஞ்சது அதுல சேராது. பட்டனைத் தட்டினா பாயற ரகத்தைத் தொடாதீங்க. விமானத்துல கைப்பையில கூடாது.

ஓமலூர்:
கயிறுக்குப் பல் வச்ச அலகு வாங்கலாமா?

அயோத்தியாப்பட்டணம்:
வேண்டாங்க. தட்டைக் கல்லுல பல்லைத் தீட்ட முடியாது, உருண்டைக் கம்பி தனியா வாங்கணும். சாதா அலகை 1000 கல்லோட நிறுத்துங்க, அந்தச் சொரசொரப்பே கயிறைக் கடிக்கும். 6000 நம்பர் கல்லுல பளபளன்னு ஏத்தினா பிளாஸ்டிக் கயிறுமேல வழுக்கும்.