பாக்டீரியா செல்பிரிதல்: ஒரு விளக்கமும் ஒரு செய்முறைக் குறிப்பும் தேவை

குழுவிலுள்ள நுண்ணுயிரியல் ஆசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் வணக்கம். இளங்கலை மாணவர்களுக்குப் பாக்டீரியாவின் செல்பிரிதலைக் கற்பிக்கவிருக்கிறேன்; அதில் இரண்டு இடங்களில் உங்கள் உதவி தேவைப்படுகிறது.

செல்பிரிதலுக்கு அடிப்படையான எஃப்டிஎஸ்இசட் (FtsZ) புரதம் செல்லின் நடுவே இழைகளாகக் கோத்து வளையமாக அமைகிறது; அவ்விழைகள் ஒரு முனையில் வளர்ந்து மறுமுனையில் உதிர்ந்தபடியே செல்லைச் சுற்றி நகர்கின்றன என்பதை 2017இல் வெளியான இரண்டு ஆய்வுகள் காட்டின. மூலக்கூறுகள் இருந்த இடத்திலேயே இருக்க, இழை மட்டும் முன்னேறுகிறது. வளையம் சுருக்குக் கயிறுபோல் செல்லை இறுக்குகிறது என்று மட்டும் சொல்லிவிட்டால் (பல பாடப் படங்கள் அத்துடன் நின்றுவிடுகின்றன), பெப்டிடோகிளைக்கான் என்னும் பொருளாலான செல்சுவரைக் கட்டும் நொதிகளின் பங்கு மறைந்துவிடுகிறது. அந்நொதிகளில் எஃப்டிஎஸ்டபிள்யூ (FtsW) சுவரின் சர்க்கரைச் சங்கிலியை நீட்ட, எஃப்டிஎஸ்ஐ (FtsI) அச்சங்கிலிகளைப் பெப்டைடுகளால் குறுக்கே பிணைக்கிறது.

பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவில் இழைகளின் வேகமே குறுக்குச்சுவர் உருவாகும் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது என்றும், ஈ.கோலையில் அது வேகத்தை மாற்றாமல் சுவர்கட்டும் நொதிகளைச் சுற்றிலும் பரப்ப மட்டுமே உதவுகிறது என்றும் அவ்வாய்வுகள் கூறின. இந்த வேறுபாட்டுக்குக் கிராம் பாசிட்டிவ் வகையைச் சேர்ந்த பேசில்லஸின் தடித்த சுவர் காரணமா, அல்லது பேசில்லஸில் இல்லாத, ஈ.கோலையில் உள்ள எஃப்டிஎஸ்என் (FtsN) போன்ற, சுவர்கட்டும் நொதிகளைத் தூண்டும் புரதம் காரணமா? இதை மாணவர்களுக்கு எப்படி விளக்குகிறீர்கள்?

அடுத்து, செஃபலெக்சின் என்ற ஆன்டிபயாடிக் எஃப்டிஎஸ்ஐயைத் தடுப்பதால் ஈ.கோலை பிரியாமல் நீண்ட இழையாக வளர்வதை, நோய் உண்டாக்காத கே-12 வகையைக் கொண்டு ஆய்வகத்தில் காட்ட எண்ணுகிறேன். எந்தச் செறிவில், எவ்வளவு நேரம் வளர்த்தால், எளிய சாயமேற்றி நுண்ணோக்கியின் ஆயில் இம்மர்ஷன் லென்ஸில் அது தெளிவாகத் தெரியும்? செய்து பார்த்தவர்கள் முடிந்தால் படத்துடன் பதிலளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.