ஒலிண்டாவில் லென்ஸுக்குள் மூட்டம், என்ன செய்யலாம்?

பிரேசிலின் ஒலிண்டாவில் இருக்கிறேன். ரெசிஃபேக்குப் பக்கத்தில், 1535இல் போர்த்துகீசியர் குன்றின் மேல் அமைத்த ஊர்; 1982 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது.

மூன்று நாளாக என் 18-55 மி.மீ. லென்ஸின் உள்கண்ணாடியில் மூட்டம். டிஎஸ்எல்ஆர் கேமராவோடு வந்தது, ஐந்து வருடப் பழசு. ஆல்டோ டா சே மேட்டில் தேவாலயத்தின் முன் நின்றால் சிவப்பு ஓட்டுக்கூரைகள், தென்னை, கடல், தூரத்தில் ரெசிஃபேயின் அடுக்குமாடிகள் எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். படத்திலோ பாலில் முக்கி எடுத்த மாதிரி! அகலமாக எடுக்கும் 18இல் பரவாயில்லை, ஜூம் செய்து 55க்கு இழுத்தால் மோசம்.

இங்கே ஜூன் மழைக்காலம். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே கொண்டுவந்தது என் தப்புதான். அப்புறம் ஏசியை நிறுத்தினேன். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு டப்பாவில் ஓர் இரவு வைத்தேன். காலையில் தெளிந்தது, மரவள்ளி மாவில் சுடும் டப்பியோகா சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் திரும்பவும் மூட்டம். அரிசிக்குள் புதைக்கச் சொன்னார்கள், தூசிக்குப் பயந்து செய்யவில்லை. ரெசிஃபேயில் ஒரு கடையில் பழுது பார்க்க இரண்டு வாரமாம். எனக்கு இருப்பதோ நான்கு நாள்.

லென்ஸைப் பிரிக்காமல் உள்ளிருக்கும் ஈரத்தை வெளியேற்ற வழி உண்டா?