புதுப்பிப்பு: மின்சாரக் கார் சார்ஜரின் காத்திருப்பு மின்செலவு

வண்டி செருகாதபோதும் சுவர் சார்ஜர் கரண்ட் இழுக்கிறதே, பிரேக்கரை அணைத்து வைக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். அளந்துவிட்டேன்: சுமார் 5 வாட். வருடம் முழுக்க விட்டால் ஏறக்குறைய 44 யூனிட்.

கம்பியைக் கவ்வி கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை இதற்கு நம்பாதீர்கள். அதன் ஆம்பியரை வோல்ட்டால் பெருக்கினால் பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்டில் எவ்வளவு உண்மையில் மின்செலவாகிறது என்ற விகிதம்) கணக்கில் வராது, வாட் கூடுதலாகவே தெரியும். மற்ற சர்க்யூட்களையெல்லாம் அணைத்துவிட்டு வீட்டு மீட்டரின் பல்ஸ் விளக்கைப் பாருங்கள். மீட்டரில் யூனிட்டுக்கு 3200 பல்ஸ் (மினுக்கல்) என்று போட்டிருந்தால், 5 வாட்டுக்கு நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஒரு மினுக்கல். பொறுமை வேண்டும்!

பிரேக்கரைத் தினமும் ஸ்விட்ச் மாதிரி பயன்படுத்த எனக்குச் சம்மதமில்லை. அது பாதுகாப்புக்கான கருவி. எலக்ட்ரீஷியனிடம் சார்ஜருக்கென்று தனி ஐசொலேட்டர் (மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) கேட்டிருக்கிறேன். நீண்ட பயணங்களின்போது அணைப்பேன். சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தால் முதலில் ஆப்பிலோ வண்டியிலோ நிறுத்திவிட்டு, பிறகுதான் ஐசொலேட்டரைத் தொட வேண்டும்.