4294967297: போனில் தட்டினால் போதாதா?

கொட்டகலைக்காரன்:
போன வாரம் பசறை டீச்சர் இங்கே உயர்தரப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்குப் போட்டிருந்தாங்க: 4294967297 முதன்மை எண்ணா, போன் தொடாமல் காட்டணும். எனக்கு இது சரியாப் படல. போனில் போட்டா 641 × 6700417 என்று உடனே வருது. தோட்டத்துப் பிள்ளைக ஹட்டனுக்கு டியூஷன் வந்து போகவே பாதி நாள் போயிருது. இணைந்த கணிதத்தில் பாடத்திட்டமே முடியாம கிடக்கு. பரீட்சையில் வராத கணக்கு எதுக்கு?

பசறை டீச்சர்:
தம்பி, போன் 641 என்று சொல்லும், ஏன் 641 என்று சொல்லாது. 2¹ + 1, 2² + 1, 2⁴ + 1 என்று வலுவை இரட்டிச்சுக்கிட்டே போனா வருகிற 3, 5, 17, 257, 65537 ஐந்தும் முதன்மை எண்கள். இதே வரிசையில் அடுத்தது 2³² + 1, அதுதான் நம்ம எண். வரிசை முழுக்க முதன்மை எண்தான் என்று கணித மேதை பெர்மா நம்பினார். 1732இல் இன்னொரு கணித மேதை ஒயிலர் அதை உடைச்சார். ஐந்து தடவை சரியா வந்தா ஆறாவதும் வரும் என்று எழுதுற பிள்ளைகளை வகுப்பில் தினம் பார்க்கிறேன்.

தெமோதரை:
ஆனா டீச்சர், வர்க்கமூலம் 65536க்குக் கொஞ்சம் மேலே. அதுவரைக்கும் 6542 முதன்மை எண் இருக்கு. அத்தனையாலும் கையால் வகுக்கச் சொல்றது கொடுமை.

பசறை டீச்சர்:
அத்தனையும் வேண்டாம். 64ஆல் வகுத்தா மீதி 1 வருகிற முதன்மை எண்கள் போதும்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே மாட்டிக்குது. வகுக்காமலும் காட்டலாம். 641 = 5 × 2⁷ + 1. ஆக 641ஆல் வகுக்கும்போது 5 × 2⁷ இன் மீதியை −1 என்று எடுக்கலாம். நாலாம் வலுவில் 5⁴ × 2²⁸ இன் மீதி 1. 641 = 5⁴ + 2⁴ என்பதும் உண்மை, அதனால் 5⁴ இருக்கிற இடத்தில் −2⁴ போடுங்க. −2³² இன் மீதி 1 ஆகுது. அப்போ 2³² + 1 மீதியில்லாம வகுபடணும்.

கொட்டகலைக்காரன்:
அழகா இருக்கு, மறுக்கல. ஆனா அந்த 64 எங்கிருந்து வந்துச்சு? அதையும் நீங்கதான் சொல்றீங்க. போன் சொன்னதை நம்புறதுக்கும் டீச்சர் சொன்னதை நம்புறதுக்கும் என்ன வித்தியாசம்?

பசறை டீச்சர்:
நல்ல கேள்வி. நம்ப வேண்டாம், சரிபாருங்க. ஒரு முதன்மை எண் 2³² + 1ஐ வகுத்தா, அதைப் பொறுத்து 2³² இன் மீதி −1, 2⁶⁴ இன் மீதி 1. அதாவது இரண்டின் வலுக்களோட மீதி 64 படிக்கு ஒருமுறைதான் 1க்குத் திரும்பும், முந்தித் திரும்பாது. பெர்மாவின் சிறு தேற்றப்படி, அந்த முதன்மை எண்ணில் ஒன்று குறைத்த படியிலும் மீதி 1 வரணும். அப்போ அந்த ஒன்று குறைத்த எண் 64இன் மடங்கு, முதன்மை எண்ணை 64ஆல் வகுத்தா மீதி 1. பெர்மாவின் நம்பிக்கையை உடைக்கிற கருவி அவர் தேற்றத்திலேயே இருந்திருக்கு!

கொட்டகலைக்காரன்:
இதைப் பரீட்சை முடிஞ்ச பிறகு வச்சுக்கலாம் என்றுதான் இப்பவும் சொல்வேன். பிள்ளைகளுக்கு இப்போ தேவை கடந்தகால வினாத்தாள்.

ஊவா மாணவி:
டீச்சர், 6700417 முதன்மை எண்ணா என்று பார்த்தேன். அதோட காரணி நம்ம எண்ணுக்கும் காரணி, அதனால் அதே 64 விதிதான். வர்க்கமூலம் 2588. சின்ன நாலும் ஏற்கெனவே கழிஞ்சாச்சு, மிச்சம் ஏழுதான்: 641, 769, 1153, 1217, 1409, 1601, 2113. மீதிகள் முறையே 44, 120, 334, 832, 622, 232, 94. எதுவும் பூச்சியம் இல்ல. முதன்மை எண்தான்.