ஜப்பானிய எழுத்தாளர் கெய்கோ ஹிகாஷினோவின் 'ஜர்னி அண்டர் தி மிட்நைட் சன்' நாவல்: ஆளும் வருஷமும் குழம்புது, எப்படிப் படிக்கிறது?

நாலாம்பக்கம்:
நாலாவது அத்தியாயத்தில் இருக்கேன். ஒசாகாவில் அடகுக்கடைக்காரர் கொலை, அதுக்கப்புறம் அத்தியாயத்துக்கு அத்தியாயம் புது ஆட்கள். வருஷமும் சொல்றதில்லை. குறிப்பு எடுக்கணுமா? இதை வெச்சு எடுத்த ஜப்பானிய டிவி தொடரைப் பார்த்துட்டு வந்தா சுலபமா? முடிவைச் சொல்லிடாதீங்க.

அடிக்கோடு:
இது 1997லிருந்து 1999 வரை பத்திரிகையில் ஒன்றோடொன்று தொடர்புள்ள கதைகளாக வந்தது. 13 அத்தியாயங்களும் வேற வேற ஆள் பார்வையில் தொடங்குறதுக்கு அதுதான் காரணம். எல்லாப் பேரையும் எழுதினா நோட்டு நிறையும், தலையும் சுத்தும். அத்தியாயத்துக்கு ரெண்டு வரி போதும்: இதில் யார் அடிபட்டாங்க, அதனால கொலையானவரின் மகன் ரியோஜிக்கோ, சந்தேகத்துக்குள்ளான பெண்ணின் மகள் யுகிஹோவுக்கோ என்ன ஆதாயம்.

வருஷத்துக்குக் கதையிலேயே அடையாளம் இருக்கு. கொலை நடக்கிறது 1973. 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' வீடியோ கேம் பேச்சில் வந்தா 1978ஐத் தாண்டியாச்சு. சூப்பர் மாரியோ கள்ளப் பிரதி வந்தா 1985.

மழைக்காலம்:
தொடரை முதலில் பார்க்காதீங்க. 2006இல் வந்த அந்த 11 பகுதித் தொடர், நாவல் கடைசிவரை மூடி வைக்கிறதை முதல் பகுதியிலேயே திறந்துடும். நாவலோட முழு வித்தையும் அந்த மூடலில்தான். ரியோஜி, யுகிஹோ, இந்த ரெண்டு பேர் மனசுக்குள்ள ஆசிரியர் ஒரு வரிகூடப் போறதில்லை. அவங்க நேருக்கு நேர் பேசிக்கிற காட்சியும் கிடையாது. அதை எதிர்பார்த்துப் படிக்கிறவங்கதான் "நட்பு எங்கே இருக்கு?"ன்னு பாதியில் வெச்சிடறாங்க. ஒருத்தருக்கு இடைஞ்சலா நின்ன ஆள் எப்போ, எப்படி வழியிலிருந்து விலகுறார்னு கவனிங்க. பிணைப்பு அதில்தான் தெரியும். கத்தரிக்கோல் வர்ற இடங்களையும் நூலகம் வர்ற இடங்களையும் வேகமாத் தாண்டாதீங்க.

சாட்சிக்கூண்டு:
ஒரு சட்ட விஷயம். அப்போ ஜப்பானில் கொலைக்கு வழக்குத் தொடரக் காலவரம்பு 15 வருஷம். (2005இல் 25 ஆச்சு, 2010இல் எடுத்தே விட்டாங்க.) ஆக 1988க்கு மேல் துப்பறிவாளர் சசாகாகி தேடுறது அந்தப் பழைய கொலைக்காகத் தண்டனை வாங்கித் தர இல்லை. இது தெரியாம படிச்சா அவரோட பிடிவாதம் வெறும் வேலைக் கடமையாத் தெரியும்.

இன்னொண்ணு, சிறார் பாலியல் கொடுமை கதையின் மையத்தில் இருக்கு. அட்டைக்குறிப்பைப் பார்த்துட்டு பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுத்துடாதீங்க.