சதுரங்கக் கதை எண் 18446744073709551615: கையாலேயே பகாக் காரணிகளாக முழுசாகப் பிரிக்க முடியுமா?

மன்னைக்காரன்:
பத்தாவது படிக்கும் பையனுக்கு அம்பலப்புழை பால்பாயசக் கதை சொன்னேன். ராஜாவிடம் சதுரங்கப் பலகைக்கு அரிசி கேட்கும் கதை: முதல் கட்டத்துக்கு ஒரு அரிசி, அடுத்ததற்கு இரண்டு, அப்புறம் நான்கு. 64 கட்டமும் சேர்த்தால் 2⁶⁴−1. ராஜா திருதிருவென்று முழித்ததோடு கதை முடிந்தது, பையன் விடவில்லை. "அது பகா எண்ணாப்பா?" கடைசி இலக்கம் 5, அதனால் இல்லை. இலக்கங்களைக் கூட்டினால் 87, ஆக 3-ஆலும் வகுபடும். 15-ஆல் வகுத்து 1229782938247303441-இல் வந்து நிற்கிறோம். போனைத் தொடக்கூடாது என்பது அவன் போட்ட நிபந்தனை. மேலே எப்படிப் போவது?

பழைய வாத்தியார்:
இப்படி வகுத்துக்கொண்டே போனால் பொங்கல் வந்துவிடும். இருபது இலக்கத்தையும் மறந்துவிட்டு 2⁶⁴−1 என்றே வைத்துக்கொள்ளுங்கள். பையனுக்குத் தெரிந்த வர்க்க வேறுபாடுதான்: (2³²+1)(2³²−1). கழித்தல் உள்ளதை மறுபடி உடையுங்கள், இறங்கிக்கொண்டே வாருங்கள். 3, 5, 17, 257, 65537, 4294967297 ஆகியவற்றின் பெருக்கல் கிடைக்கும். முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவதும் அப்படித்தான் என்று கணித மேதை பெர்மா நம்பினார். 1732-இல் இன்னொரு கணித மேதை ஆய்லர் அது 641-ஆல் வகுபடும் என்று காட்டினார்.

மன்னைக்காரன்:
641 எங்கிருந்து வந்தது சார்?

பழைய வாத்தியார்:
2³²+1-இன் எந்தப் பகாக் காரணியையும் 128-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர் 1878-இல் நிறுவியது. (வட்டுகளைக் கம்பிக்குக் கம்பி மாற்றும் ஹனோய் கோபுரப் புதிரும் அவருடையதுதான். அதில் 64 வட்டுகளை மாற்றவும் இதே எண்ணிக்கை நகர்வுகள்!) 129, 257, 385, 513, 641. இவற்றில் பகா எண்கள் 257-ம் 641-ம் மட்டுமே. 257 ஏற்கெனவே 2³²−1-க்குள் இருக்கிறது, 2³²+1 அதைவிட 2 அதிகம்; அதனால் இங்கே மீதி 2 வரும். மிச்சம் 641.

வகுக்காமலே சரிபார்க்கலாம், எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. 641 = 5×2⁷+1. ஆக 641-ஆல் வகுக்கும்போது 5×2⁷-உம் −1-உம் ஒன்றுதான். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸-இன் மீதி 1. ஆனால் 641 = 5⁴+2⁴-உம்கூட. அதனால் 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடலாம். −2³²-இன் மீதி 1 என்று வருகிறது. அப்படியென்றால் 2³²+1 மீதியில்லாமல் வகுபட்டாக வேண்டும்!

ஈவு 6700417. அதுவும் பகா எண்தான். அதன் வர்க்கமூலம் வரை பார்த்தால் போதும்; 257 ஏற்கெனவே கழிந்துவிட்டதால், 128 விதிப்படி 641, 769, 1153, 1409 நான்கால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும், பையனையே செய்யச் சொல்லுங்கள்.

நிரல் எழுதுகிறவன்:
கணினியில் 64 பிட்டில் (0, 1 என்ற 64 இலக்கங்களில்) அடங்கும் மிகப் பெரிய எண் 2⁶⁴−1தான், எங்களுக்குத் தினசரிப் பழக்கம். ஏழு பகாக் காரணிகள், ஒவ்வொன்றும் ஒரே தடவை; எனவே மொத்த வகுத்திகள் 2⁷ = 128. எச்சரிக்கை: தம்பி அடுத்து 2¹²⁸−1 கேட்பான். அதற்கு 2⁶⁴+1-ஐ உடைக்க வேண்டும். 1880-இல் லாந்திரி என்ற பிரெஞ்சுக்காரர் தன் 82-வது வயதில் உடைத்தார்: 274177 × 67280421310721. அங்கே 128-க்குப் பதில் 256-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். 257, 513 என்று போகும் அந்த வரிசையில் 1071-வது எண்தான் 274177, தம்பிக்குச் சொல்லிவிடாதீர்கள்.